ஒடிக்கும்போது மட்டும்

செவ்வாய், வெள்ளி.
விடியுமுன் நாலே காலுக்குப் புளியரை விலக்கில்
போன் கடைப் பூதத்தான் ஏறுவான்.
புனலூர் ஆஸ்பத்திரிக்கு.
முன்சீட்டு. இடது கையை
மடியில் தனியாக வைத்துக்கொள்வான்,
வேறு யாருடைய பொருளோ போல.

எஸ் வளைவில் முதல் ஒடிப்புக்கு
வண்டி முனகியது.
நேர் ரோட்டில் ஒன்றுமில்லை.
ஒடித்தால் மட்டும்,
முழுசாய் ஒடித்துப் பிடித்தால் இன்னும் கூட,
மாவு மில்லுக்குள் யாரோ
வாயைப் பொத்திக்கொண்டு அழுவது மாதிரி.

'அண்ணே, என்ன அது?'
'குளிரு' என்றேன்.

குவாலிஸ், இரண்டாயிரத்து மூன்று.
மீட்டர் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து எண்பதில்
நின்றுபோனது. அதற்குமேல் ஓடியதெல்லாம்
டைரியில் பென்சிலால் இருக்கிறது.
ஆயில், பில்டர், கிளட்ச் பிளேட்,
பால் ஜாயின்ட் வலது,
பால் ஜாயின்ட் மறுபடியும் வலது.
ஆர்.சி.யில் நான் நாலாவது ஆள்.
முந்தின மூன்று பேரும்
எந்தச் சத்தத்தைக் கேட்டு விற்றார்களோ.

செங்கோட்டையில் சொன்னார்கள்: பம்பு போச்சு, பதினோராயிரம்.
இலஞ்சி ரோட்டில்: பம்பு இல்லை, ராக்கு,
பழசு கிடைத்தால் பதினாலு.
ஒருவன் பானெட்டைத் திறக்காமலே
'வண்டிய மாத்திருங்க' என்றான்.
அவனுக்கு நான் டீ சொல்லவில்லை.

மூன்றாவது வெள்ளி, திரும்பி வரும்போது,
ஆரியங்காவில் சுகதன் ஒர்க்ஷாப்பில் நிறுத்தினேன்.
நாலு மணி நேரம் மெஷினில் கிடந்த களைப்பில்
பூதத்தான் பழைய டயர் மேல் உட்கார்ந்தான்.

சுகதன் ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு
ஓடும் பெல்ட்டில் தெளித்தான்.
முனகல் மாறவில்லை.
'பெல்ட்டல்ல.'
எண்ணெய் டப்பா மூடியைத் திருகினான்.
சிவப்பாய்க் கிடக்க வேண்டியது
நுரைத்து வெளுத்திருந்தது.
'காற்று கேறிட்டுண்டு.'
தரையில் ஒரு சொட்டும் இல்லையே என்றேன்.
வெளியே ஒழுகாத ஓட்டை உள்ளே உறிஞ்சும் என்று
தமிழும் இல்லாமல் மலையாளமும் இல்லாமல்
இரண்டு விரலால் காட்டினான்.

டப்பாவிலிருந்து பம்புக்கு இறங்குகிற ஓஸ்.
ஒரு சாண் ரப்பர்,
கிளிப் கடித்த இடத்தில்
ஏப்ரல் மாதக் குளம் மாதிரி வெடித்திருந்தது.
நூற்றெண்பது ரூபாய். கிளிப் இரண்டு, நாற்பது.

பிறகு முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி,
இன்ஜினைப் போடாமல்,
இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும்
ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்,
டப்பாவில் குமிழ் நிற்கும்வரை.
நான் திருப்ப, சுகதன் பார்க்க,
டயர் மேலிருந்து பூதத்தான் எண்ணினான்.
பதினெட்டு. பத்தொன்பது.
இருபத்திரண்டில் சுகதன் கையைத் தூக்கினான்.

சாவியைத் திருகி முழுசாய் ஒடித்தேன்.

'நின்னுட்டா அண்ணே?'
'நின்னுட்டு.'
'எனக்கு நின்னாத்தான் பயம்' என்று
இடது கையை நீட்டினான்.
பிளாஸ்திரிக்குக் கீழே,
நரம்பை நரம்போடு சேர்த்துத் தைத்த இடம்.
விரல் வைத்தேன். கிரீஸ் விரல், லேசாக.
உள்ளே விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது,
ஆள் இறங்கிப் போன பிறகும்
ஐடிலில் நிற்கிற வண்டி.

'ராத்திரி காதுல வச்சுப் பாத்துட்டுத்தான் படுப்பேன்.
இது கேக்கலைன்னா
ஒடனே போன் போடச் சொல்லிருக்காங்க.'
யாருக்கு என்று கேட்டேன்.
'ஆஸ்பத்திரிக்கு.
அப்புறம் ஒங்களுக்கு.'

கோட்டைவாசல் தாண்டி இறக்கம்.
எஸ் வளைவில் வண்டி பேசாமல் திரும்பியது.
அந்தச் சத்தம் போனதும் இன்னொன்று கேட்டது:
பின்னால், இடது பக்கம், பள்ளத்தில் மட்டும், டொக்.
புஷ்ஷாக இருக்கும்.

டைரியில் எழுதினேன்:
ஓஸ். கிளிப் 2. எண்ணெய் ஒரு லிட்டர்.
பின் இடது டொக், பார்க்கணும்.
ராத்திரி படுக்கும்போது
போனைச் சைலண்ட்டிலிருந்து எடுத்து
தலைமாட்டில் வைத்தேன்.